வெள்ளத்தை முந்தவேண்டிய செய்தி

தாமிரபரணிக் கரையில் வாழும் ஜனங்களுக்கு வெள்ளம் புதிதன்று. பொதிகையில் மழை பிடித்தால் பாபநாசத்தில் என்ன நேரும், பாபநாசத்தில் மதகு திறந்தால் குறுக்குத்துறையில் என்ன நேரும், குறுக்குத்துறைக் கோயில் முழுகினால் ஸ்ரீவைகுண்டம் என்ன பாடுபடும் என்பதையெல்லாம் நமது பெரியோர் அநுபவத்தால் அறிந்திருந்தனர். 1992ஆம் வருஷத்து நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். மேலணையில் விட்ட நீர் கீழூரை அடையச் சில மணி நேரம் வேண்டும். அந்தச் சில மணி நேரத்துக்குள் மேலூர்ச் செய்தி கீழூரை எட்டிவிட்டால் ஜனங்கள் மேட்டுக்கு ஏறிப் பிழைப்பார்கள். எட்டாவிடில் பிழைப்பது தெய்வச் செயல். ஆற்றங்கரைப் பாதுகாப்பு முழுவதும், நீரைச் செய்தி முந்துகிறதா என்ற ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது.

2023ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் இக்கேள்விக்கு நமக்குக் கிடைத்த விடை மிகவும் கசப்பானது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது, திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரு வருஷம் முழுவதும் பெய்யவேண்டிய மழை ஒரே நாளில் கொட்டிற்று. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, ஏரல் முதலிய ஊர்கள் தீவுகளாயின, திருநெல்வேலி நகரத்தின் நடுவிலேயே ஆறு புகுந்து ஓடிற்று. மின்சாரம் நின்றது. அது நின்ற சிறிது நேரத்தில் செல்போன் கோபுரங்களின் பாட்டரிகளும் தீர்ந்து, பல ஊர்கள் ஒரே சமயத்தில் ஊமையாயின. சென்னையிலும் பம்பாயிலும் துபாயிலும் இருந்த நம்மவர், தாய் தந்தையர் உயிரோடிருக்கின்றனரா என்றறிய வழியின்றித் தவித்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸின் கதையை நினைவூட்டுகிறோம். 17ஆம் தேதி இரவு அவ்வண்டி ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துச் சென்றிருந்தது. நிறுத்தியிராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவே நெஞ்சம் நடுங்குகிறது. எச்சரிக்கை காலத்தில் வந்ததனால் ஏறத்தாழ 800 உயிர்கள் தப்பின. ஆனால் அதே பயணிகளில் பெரும்பாலோர், நாற்புறமும் நீர் சூழ, 19ஆம் தேதிவரையில் அந்தச் சிறு ஸ்டேஷனிலேயே உணவுக்கும் குடிநீருக்கும் அல்லாட நேர்ந்தது. செய்தி வந்தபோது உயிர் பிழைத்தது. செய்தி நின்றபோது பிழைத்த உயிர் தவித்தது. இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டுமா?

சர்க்காரிடம் படகுகள் இல்லாமலில்லை, ஹெலிகாப்டர்கள் வந்தன, ராணுவத்தாரும் மீட்புப் படையினரும் வந்தனர், அயலூர்த் தரும சிந்தனையாளர் லாரி லாரியாக அரிசியும் பாலும் அனுப்பினர். குறைந்தது பொருளன்று, தகவல். எந்த ஊரில் எத்தனை பேர் கூரைமேல் இருக்கின்றனர், எந்த வீட்டில் பிரசவ வேதனை, யாருக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது என்ற விவரம் கலெக்டரின் மேஜைக்கு எழுத்தில் வந்து சேர்ந்தாலன்றி, இருக்கிற படகை எங்கே அனுப்புவது?

இந்தக் குறையைத் தீர்க்கும் சாதனம் ஒன்று உலகில் பல்லாண்டுகளாக வழக்கத்தில் இருக்கிறது. அமெச்சூர் ரேடியோக்காரர்கள், ஜனங்கள் 'ஹாம்' என்று சொல்வார்களே அவர்கள், தங்கள் ரேடியோவின் வழியாகவே மின்னஞ்சல் அனுப்புகின்றனர். வின்லிங்க் என்பது அம்முறையின் பெயர். லாபம் கருதாத தொண்டர்கள் அதை நடத்தி வருகின்றனர். அது மந்திர வித்தையன்று. கம்ப்யூட்டரில் கடிதத்தை எழுதுகிறோம். ஒரு புரோகிராம் அவ்வெழுத்துக்களைச் சுருக்கி ஒலிகளாக மாற்றுகிறது. ரேடியோ அவ்வொலிகளைச் சிற்றலையில் அனுப்புகிறது. வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அவ்வலைகளை, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், வெள்ளமில்லாத ஊரில் இருக்கும் வாயில் நிலையம் வாங்கி, மீண்டும் எழுத்தாக்கி இன்டர்நெட்டில் சேர்க்கிறது. வழியில் ஓர் எழுத்துச் சிதைந்தாலும், வாங்கும் நிலையம் திருப்பி அனுப்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளும். பெறுபவரிடம் ரேடியோவே வேண்டியதில்லை. சாதாரண மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும். இன்டர்நெட் எங்குமே இல்லாத நிலை வந்தாலும், ஒரு நிலையம் மற்றொரு நிலையத்துக்கு நேராகக் கடிதம் சேர்க்கலாம்.

இதற்கு வேண்டிய சாமான்கள் எவை? ஒரு சிற்றலை டிரான்ஸ்மிட்டர், ஒரு மடிக் கம்ப்யூட்டர், கார் பாட்டரி ஒன்று, இரண்டு தென்னைமரங்களுக்கு நடுவே கட்ட ஏறத்தாழ 20 மீட்டர் கம்பி. கோபுரம் வேண்டாம்; ஊர் மின்சாரம் வேண்டாம். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ், இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸ் வரிசையில், கம்பியைத் தாழக் கட்டி அனுப்பினால், அலை ஏறக்குறைய நெட்டாக மேலே சென்று, குடை விரித்தாற்போல் சுற்றுவட்டாரமெங்கும் இறங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மடிப்புக்குள் கிடக்கும் பாபநாசத்துக்கும் மாஞ்சோலைக்கும், நேர்கோட்டில் செல்லும் அலைகளைவிட இதுவே ஏற்றது.

இதன் குறைகளையும் மறைக்கமாட்டோம். இது மெதுவானது. புகைப்படங்களையும் சினிமாக்களையும் இதில் அனுப்ப முனைவோர் ஏமாறுவர். வானத்தின் நிலை நாளுக்கு நாள் மாறும். பழகிய கைகளுக்கே அது வசப்படும். ஆனால் வாய்ப்பேச்சில் ஐம்பது பெயர்களையும் பத்து மருந்துகளையும் இரைச்சலுக்கிடையே சொல்லி எழுதவைப்பது எத்தனை கஷ்டம், எத்தனை பிழைகளுக்கு இடம் என்பதை எண்ணிப்பாருங்கள். எழுத்து அப்படியே சென்று அப்படியே சேருவது ஆபத்துக் காலத்தில் பெரும் பேறு. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரீக்கோ தீவை நாசமாக்கியபோது, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தார் 22 அமெச்சூர் ரேடியோக்காரர்களை அங்கே அனுப்பினர். பிழைத்திருப்போரின் பெயர்களை வெளியுலகுக்குச் சேர்ப்பது அவர்களுடைய தலையாய வேலைகளில் ஒன்று.

அயல்நாட்டு உதாரணம் வேண்டாமென்போர் அந்தமானைப் பார்க்கட்டும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது, ஸ்ரீமதி பாரதி பிரசாத் தலைமையில் ஓர் அமெச்சூர் ரேடியோக் கோஷ்டி போர்ட்பிளேரில் இருந்தது. தூர தேசத்து நண்பர்களுடன் ரேடியோவில் பேசும் விளையாட்டுக்காகவே அவர்கள் போயிருந்தனர். அத்தீவுகளில் அமெச்சூர் ரேடியோவுக்குப் பல வருஷங்களாக அநுமதி கிடையாது. விடாமுயற்சியால் அவ்வம்மையார் அதைப் பெற்றிருந்தார். டெலிபோன்கள் அறுந்ததும் விளையாட்டுச் சாமான் தீவுகளின் உயிர்நாடியாயிற்று. அந்த அநுமதி ஒரு மாதம் தாமதமாகியிருந்தால்? இக்கேள்வியை டில்லிக் காரியாலயங்களின் சுவர்களில் எழுதிவைக்க வேண்டுமென்போம்.

டில்லியைப் பற்றிச் சொல்ல இன்னுமொரு விஷயமுண்டு. தாமிரபரணிக் கரை ஊமையாய்க் கிடந்த அதே வாரத்தில், டிசம்பர் 20, 21 தேதிகளில், பார்லிமெண்டின் இரு சபைகளும் புதிய தொலைத்தொடர்பு மசோதாவை நிறைவேற்றின. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்துக்கும், 1933ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் பதிலாக வந்த சட்டம் அது. ஆபத்துக் காலத்தில் எந்தத் தொலைத்தொடர்புச் சேவையையும் சர்க்கார் தன் வசம் எடுத்துக்கொள்ள அது அதிகாரம் அளிக்கிறது. சட்டத்தின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் டிசம்பர் 18இல் ஏரலில் எடுத்துக்கொள்ள என்ன உயிரோடிருந்தது? செத்த கோபுரத்தைக் கைப்பற்றும் அதிகாரம் ஒருவரையும் காப்பாற்றாது. சாகாத சாதனத்தை முன்கூட்டியே ஜனங்கள் கையில் வளர்த்து வைப்பதே ராஜதந்திரம்.

போலீஸ் ஒயர்லெஸ்ஸும் சாட்டிலைட் போனும் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அவை உத்தியோகஸ்தர்களின் சாதனங்கள், எண்ணிக்கையிலும் குறைவு. உத்தியோகஸ்தர் போய்ச் சேர முடியாத ஊரில் ஏற்கெனவே குடியிருக்கும் மனிதன் கையில் ரேடியோ இருக்கவேண்டுமென்பதே நமது வாதம். இரண்டும் வேண்டும், ஒன்றுக்கொன்று போட்டியன்று.

துரோகிகள் இதை உபயோகித்துக்கொள்ளமாட்டார்களா என்பது மற்றோர் ஆட்சேபம். அமெச்சூர் அலையில் இரகசியக் குறியீடு கூடாதென்பது விதி. ஒவ்வொருவனும் தன் அழைப்புக் குறியைச் சொல்லியே பேசவேண்டும். வின்லிங்கில் செல்லும் கடிதங்களை மற்ற லைசென்ஸ்தாரர்கள் பார்வையிடவும் வழியுண்டு. தபால்கார்டைவிட இதில் மறைவு அதிகமில்லை. 1942இல் ஸ்ரீமதி உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் காங்கிரஸ் ரேடியோவை இரகசியமாக நடத்தினார்கள். அந்நிய ராஜாங்கம், ஜனங்கள் கையில் டிரான்ஸ்மிட்டரைக் கண்டு நடுங்கியதில் நியாயமுண்டு. ஜனங்களே ராஜாவாகிய நாட்டில் அந்த நடுக்கம் யாருக்கு இருக்கவேண்டும்?

2003ஆம் வருஷத்து உலக ரேடியோ மகாநாடு, ஆபத்துக் காலத்தில் பிறர் செய்திகளை அமெச்சூர் நிலையங்கள் நாடு கடந்தும் அனுப்பலாமென்று ஒப்புக்கொண்டது. அதற்கு அவர்களை முன்னதாகவே ஆயத்தப்படுத்தும்படி ராஜாங்கங்களைத் தூண்டவும் செய்தது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. முதலாவதாக, வெள்ளம், புயல் முதலிய காலங்களிலும் அவற்றுக்கான ஒத்திகைகளிலும், பொதுஜனங்களின் செய்திகளை ரேடியோ மின்னஞ்சலில் அனுப்பலாமென்பதைச் சந்தேகத்துக்கிடமின்றி உத்தரவாகவே வெளியிடவேண்டும். இரண்டாவதாக, அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் ஆகிய தாலுகாத் தலைநகரங்களில் வெள்ளம் ஏறாத கட்டிடத்தில் ஒவ்வொரு நிலையம் வேண்டும். மூன்றாவதாக, வாயில் நிலையங்களைச் சென்னையில் மட்டும் வைத்தல் ஆகாது. தாமிரபரணி பெருகுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன், மிக்ஜாம் புயலில் சென்னையே முழுகிற்று. கோயம்புத்தூரிலும் கொடைக்கானலிலும் இருந்தால் இரண்டும் ஒருங்கே அழியா.

சர்க்காரைக் கேட்பதோடு நமது கடமை தீராது. லைசென்ஸ் பரீட்சை பள்ளி மாணவரும் எழுதித் தேறக்கூடியதே. பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் பத்து மாணவர் தேறி, மாதம் ஒருமுறை ஊர் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பாட்டரியில் கடிதம் அனுப்பிப் பழகினால், இரண்டு வருஷத்தில் இந்த ஆற்றங்கரைக்கு ஒரு தொண்டர் படை கிடைத்துவிடும். தேச சேவைக்கு வழி எது என்று நம்மைக் கேட்கும் வாலிபர்களுக்கு இதைக் காட்டுகிறோம். நீந்தத் தெரியாதவன் வெள்ளத்தில் இறங்கிக் கற்கமுடியாது; கோடையில் குளத்திலேயே கற்கவேண்டும். ரேடியோவும் அப்படியே.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு வருஷமும் வருகிறது. அது சர்க்கார் உத்தரவுக்காகக் காத்திராது. பாபநாசத்தில் மதகு திறக்கும் அடுத்த இரவில், அம்பாசமுத்திரத்தில் ஒருவன் எழுதுவதை ஸ்ரீவைகுண்டத்தில் ஒருவன் படிக்கவேண்டும்; படித்துவிட்டுத் தெருவில் இறங்கிக் கதவுகளைத் தட்டவேண்டும். அதற்கு நேரம் இருக்கும்போதே படிக்கவேண்டும்.