அந்தப் பையனின் சட்டையைக் கிழித்தது யார்?

ஏப்ரல் 14 நெருங்கினாலே சிறுவர்களுக்கான அம்பேத்கர் படப்புத்தகங்கள் கடைகளில் குவிகின்றன. நான் புரட்டிய பலவற்றில் ஒரே படம்தான்: வகுப்புக்கு வெளியே கிழிந்த சட்டையும் ஒட்டிய வயிறுமாக, கண்ணீரோடு ஒரு சிறுவன். பார்க்கிற குழந்தை "ஐயோ பாவம்" என்கிறது. அந்த ஐயோ பாவத்தோடுதான் எனக்குச் சண்டை.

1901இல், கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் போன கதையை பாபாசாகேப் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் தாமே எழுதியிருக்கிறார். அண்ணனோடும் அக்கா மகன்களோடும் மசூர் ஸ்டேஷனில் இறங்கியபோது புதுச்சட்டை, கல் பதித்த குல்லாய், பட்டுக்கரை வேட்டி. ஸ்டேஷன் மாஸ்டர் பார்ப்பனப் பிள்ளைகள் என்றே நினைத்தார். மகர் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, மாட்டைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டியிருந்தது. கூடையில் சாப்பாடு நிறைய இருந்தது. தண்ணீர் கொடுக்கத்தான் ஆளில்லை. அன்றிரவு சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பட்டினியாகப் படுத்தார்கள்.

சட்டை இருந்தது, காசு இருந்தது, சோறும் இருந்தது தோழர்களே! ஓவியர் அந்தச் சட்டையைக் கிழித்ததும் சாதி வறுமையாகிவிடுகிறது. வறுமைக்கு இலவச நோட்டுப் புத்தகம் போதும், குற்றவாளி வேண்டாம். பள்ளியில் அவர் உட்கார்ந்த கோணிச்சாக்கை எல்லோரும் வரைகிறார்கள். அந்தச் சாக்கைத் தொட மறுத்த பள்ளி வேலையாளை வரைவதில்லை. அதைத் தினமும் வீட்டுக்கும் பள்ளிக்குமாகச் சுமந்தது அந்தச் சிறுவன்தான்.

வரைய முடியாததா என்ன? 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணா'வைப் பாருங்கள். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்ட் பழங்குடி ஓவியர்கள் வரைந்தது. காமிக்ஸ் சதுரக் கட்டங்கள் அதில் இல்லை. அன்பான பேச்சு பறவை வடிவத்தில் வருகிறது. சாதி பேசும் வாயிலிருந்து வருவதற்குத் தேள் கொடுக்கு. கொட்டியது யார் என்று குழந்தை பக்கத்தில் தேடும். (ராமாயணத்தை நினைவூட்டும் அந்தத் தலைப்போடு எனக்குத் தகராறு உண்டு. அது வேறொரு நாளைக்கு.)

இந்த ஆண்டு இரவுப் பாடசாலைச் சுவரில் தூரிகை பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குல்லாயை வரையுங்கள். பட்டுக்கரைக்கு நல்ல சிவப்பாகப் பாருங்கள். எதிரில் ஸ்டேஷன் மாஸ்டரையும் நிறுத்துங்கள், மாறிப்போன அந்த முகத்தோடு.