10080 காரணிகள்

ராமானுஜன் என்றதும் டாக்சி எண் 1729 கதையோடு நிறுத்திக்கொள்கிறோம். அவருக்கு அது போதாது. 1915இல் வெளியான கட்டுரையில், தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800, காரணிகள் 10080! உடைத்துப் பாருங்கள்: 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11 முதல் 23 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றும் ஒரு முறை. பகா எண் பெரிதாகப் பெரிதாக, அது வரும் முறை, அதாவது அடுக்கு, எங்கும் ஏறுவதில்லை. ஏறினால், இரு அடுக்குகளை இடம் மாற்றி, அதே அளவு காரணிகளோடு சிறிய எண்ணை உருவாக்கிவிடலாமே! பள்ளிப் பிள்ளைக்கும் எட்டும் இந்த வாதத்தை வகுப்பில் சொல்லியே ஆக வேண்டும். பட்டியலில் விடுபட்டுப்போன 293318625600-ஐயும் காட்டலாம். அதை 23ஆல் பெருக்கினால் அந்தக் கடைசி எண்ணே வரும்.