பழைய மின்னஞ்சல் எங்கே போகும்?



மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோவுக்கு மாறியதைக் கொண்டாடுகிறோம். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசும் 2025இல் 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை அவுட்லுக்கிலிருந்து தண்டர்பேர்டு, ஓபன்-எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றிவிட்டது. நல்லது. ஆனால், மாற நினைக்கும் நிறுவனங்கள் உரிமக் கட்டணத்தை மட்டுமே கணக்குப் பார்க்கின்றன.

தலைவலி பழைய கடிதங்களில்தான். பாப்3 வழியே இறக்கியவை, நகல் விட்டுவைக்காவிட்டால், சர்வரில் இருக்காது. யாரோ ஒருவரின் கணினியில் அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பாகக் கிடக்கும். தண்டர்பேர்டு அதை நேரடியாகத் திறக்காது. எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு பழைய கணினி அந்தக் கோப்புகளைத் திறப்பதற்காகவே இன்னும் ஓடுகிறது (அணைக்கவே பயம்!).

எனவே, முதலில் எல்லோரையும் கடிதங்களைச் சர்வரிலேயே வைத்திருக்கும் ஐமேப்புக்கு மாற்றுங்கள். மென்பொருளைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

- கணினிப் பிரிவு ஊழியர், கோவை