ஒப்பந்தத்தில் விட்டுப்போன ஒரு வரி

ஆனி, ஆடியில் ராதாபுரம், சங்கனேரிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் காற்றைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் இங்கே இத்தனை மின்சாரக் காத்தாடிகள் நிற்கின்றன. நிலம் நம்மூர்க்காரர் கொடுத்தது. காத்தாடி பலவும் கோவை, திருப்பூர் மில்காரர்களுடையவை. வருமான வரியில் தேய்மானக் கழிவு கிடைக்கும் என்பதற்காகவே நட்டவர்களும் உண்டு. டிராயிங் மட்டும் பெரும்பாலும் ஜெர்மனி போன்ற வெளிநாடுகளிலிருந்து வந்தது.

ஜெர்மன்காரர்களோடு தொழில் செய்வது எப்படி என்று வணிகர் கூட்டங்களில் வகுப்பு எடுக்கிறார்கள். நேரத்துக்குப் போ, விலையைச் சுற்றிவளைக்காதே, முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே. இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். என்னை வகுப்பெடுக்கச் சொன்னால் சுஸ்லான், எனர்கான் என்ற இரண்டு காத்தாடிக் கம்பெனிகளின் கதைகளைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

சுஸ்லானைத் தொடங்கிய துளசி தாந்தி குஜராத்தில் ஜவுளித் தொழில் செய்தவர். மின்கட்டணம் தாங்காமல் காத்தாடிக்கு வந்தார். 1995இல் தொடங்கிய கம்பெனிக்குத் தொழில்நுட்பம் தந்தது சூட்விண்ட் என்ற சின்ன ஜெர்மன் கம்பெனி. அது 1997இல் திவாலானது. வேறொருவர் என்றால் கொடுத்த பணம் போச்சே என்று தலையில் கை வைத்திருப்பார். தாந்தி அந்தக் கம்பெனியின் இன்ஜினியர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு, ஜெர்மனியிலேயே ஆராய்ச்சிப் பிரிவு வைத்தார். சுஸ்லான் பெரிய கம்பெனியானதற்கு அஸ்திவாரம் அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

பத்து வருஷம் கழித்து அவரே எதிர்வழியில் போனார். ஹாம்பர்க்கில் ஆர்ஈபவர் என்ற கம்பெனி. கடலுக்குள் நிறுத்துகிற பெரிய காத்தாடிகள் செய்யத் தெரிந்தது. 2007இல் அதை வாங்கப் பிரான்சின் அரெவாவோடு ஏலப்போட்டி. சுஸ்லான் பங்குக்கு 126 யூரோ என்றது, அரெவா 140 என்றது, கடைசியில் சுஸ்லான் 150க்குப் போய் நின்றது.

இந்தக் கதையை வள்ளியூரில் பம்ப்செட் சாமான்கள் விற்கிற நண்பரிடம் சொன்னபோது அவர் கேட்டது: “பெரும்பங்கு நம்ம கையில இருந்தா கம்பெனி நம்மதுதானே அண்ணாச்சி?”

இந்த ஊர்க் கணக்கில் சரி. ஜெர்மன் பங்கு நிறுவனச் சட்டத்தில் அப்படியில்லை. அங்கே நிர்வாகக் குழு கம்பெனியைத் தன் பொறுப்பில் நடத்தும். பெரிய பங்குதாரர் என்பதற்காக நீங்கள் போய் டிராயிங்கை எடு, கல்லாவைத் திற என்று உத்தரவு போட முடியாது. அதற்கென்று தனி ஒப்பந்தம் வேண்டும். அதற்குப் பொதுக்கூட்டத்தில் முக்கால்வாசி ஆதரவு வேண்டும். மிச்சமுள்ள சிறு பங்குதாரர்களைப் பணம் கொடுத்து வெளியேற்றுவதென்றால் 95 சதவீதம் கையில் இருக்க வேண்டும். சுஸ்லான் அந்த இடத்துக்கு வந்து முழுசாக வாங்கி முடிக்க 2011 ஆகிவிட்டது. அந்த நாலு வருஷத்தில் உலகச் சந்தை சரிந்தது, கடன் வட்டி போட்டது. 2012 அக்டோபரில் சுமார் 20 கோடி டாலர் கடன்பத்திரப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. சென்வியன் என்று பெயர் மாறியிருந்த அந்த ஜெர்மன் கம்பெனியை 2015இல் 100 கோடி யூரோவுக்கு ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடம் விற்றார்கள். சென்வியன் 2019இல் திவாலானது வேறு கதை. வேலையிழந்த சில இன்ஜினியர்களை வைத்துக் கிடைத்த பலன், இத்தனை கோடி கொட்டி வாங்கிய பங்குகளில் கிடைத்ததா என்றால், நான் இல்லை என்றுதான் சொல்வேன்.

எனர்கான் கதையில் பணத்தைவிட வக்கீல்கள் அதிகம். கியர்பாக்ஸ் இல்லாத, முட்டை வடிவத் தலை கொண்ட காத்தாடியைப் பார்த்திருப்பீர்கள். அலோய்ஸ் வோபன் 1984இல் அவுரிஷ் என்ற ஊரில் தொடங்கிய கம்பெனியின் சரக்கு அது. 1994இல் இங்கே மெஹ்ரா குடும்பத்தோடு கூட்டுத் தொழில். பின்னாளில் பங்கு ஜெர்மன் தரப்புக்கு 56, மெஹ்ராக்களுக்கு 44. பத்து வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் ஓடியது. 2006 செப்டம்பரில் தொழில்நுட்ப உரிமத்துக்காக ஒரு காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. அது முடிந்த ஒப்பந்தமா, வெறும் பேச்சுவார்த்தைக் குறிப்பா என்பதிலேயே சண்டை. ஜெர்மன் தரப்பு பாகங்களை அனுப்புவதை நிறுத்தியது. வழக்கு இங்கேயும் லண்டனிலும் நடந்தது.

உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரி 14இல் சொன்ன தீர்ப்பைச் சின்ன கம்பெனி வைத்திருப்பவர்களும் ஒருமுறை படிக்கலாம். தகராறு வந்தால் மூன்று நடுவர்கள் என்கிறது அந்தக் காகிதம். ஒருவரை இவர்கள் நியமிப்பார்கள், ஒருவரை அவர்கள். மூன்றாமவரை யார் நியமிப்பது? எழுதவில்லை! எழுதியவர் ஒரு வரியை விட்டுவிட்டார். நீதிமன்றமே அந்த வரியை நிரப்ப வேண்டியிருந்தது. கூடுவதற்கு இடம் லண்டன் என்று எழுதி, சட்டம் இந்தியச் சட்டம் என்றும் எழுதியிருந்தார்கள். லண்டன் வெறும் கூடும் இடம்தான், நடுவர் விசாரணையின் சட்ட இருப்பிடம் இந்தியா என்று தீர்ப்பானது. இந்தியத் தரப்புக்கு அதில் வெற்றிதான். ஆனால் அதற்குள் எனர்கான் என்ற பெயரே போய், கம்பெனி விண்ட் வேர்ல்டு ஆகியிருந்தது. 2018இல் அதுவும் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஜெர்மன்காரருக்கும் லாபமில்லை, இவ்வளவு பெரிய சந்தையை விட்டுப் போனார்கள். நஷ்டம் இருவருக்கும் என்றாலும் நடுவில் மாட்டியது காத்தாடி வாங்கிய மில்காரர். பராமரிப்புக்கு, காத்தாடியைச் செய்த கம்பெனியையே நம்பியிருப்பவர் அவர்.

நம்ம சீமையில் இன்னொரு ஜெர்மன் வியாபாரமும் உண்டு, சத்தமில்லாமல். நிலாவரை. மலச்சிக்கல் மருந்துக்காகத் தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிற இலை. திருநெல்வேலியின் பெயரோடுதான் ஐரோப்பிய மருந்து நூலில் ஏறியது. இலையில் மருந்துச்சத்து இத்தனை சதவீதம், பூச்சிமருந்து மிச்சம் இதற்கு மேல் கூடாது என்று எல்லாம் எண்ணில் இருக்கும். அந்த வியாபாரத்தில் சண்டை இல்லையா என்றால் உண்டு, சரக்கு திரும்பி வருவதும் உண்டு. ஆனால் எதற்காகத் திரும்பியது என்பதில் இரண்டு கருத்து இருக்காது.

காற்றுக்கே திரும்பி வந்தால், 2025 மார்ச்சில் ஜெர்மன்காரர் கையிலிருக்கும் சீமென்ஸ் கமேசா தன் இந்தியக் காற்றாலைத் தொழிலில் 90 சதவீதத்தை டிபிஜி என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையிலான குழுவுக்கு விற்பதாக அறிவித்தது. பத்து சதவீதம் தங்களிடமே இருக்கும், தொழில்நுட்பம் உரிம அடிப்படையில் வரும் என்றார்கள். செய்தித்தாள்கள் விலையைப் பற்றி எழுதின. எனக்கு அந்த உரிமப் பத்திரத்தைப் பார்க்க ஆசை. இங்கே ராதாபுரம் காற்றுக்கும் புழுதிக்கும் ஏற்ப நம் பையன்கள் இறக்கையில் ஒரு மாற்றம் செய்தால், அந்த டிராயிங் யாருக்குச் சொந்தம் என்று அதில் எழுதியிருக்கிறதா?