வாய்விட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும்!



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை தவறினால் கண்மாய் வறளும். விவசாயி கை வறளும். பின்னாலேயே நம் கடைக் கல்லாவும் வறளும். இந்தக் கணக்கு நமக்கு மனப்பாடம். நெஞ்சுக்குள் ஏறிக்கொண்டே போகும் பாரத்தின் கணக்கை யார் பார்க்கிறோம்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் விவரப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழகத்தில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்!

கடன்பட்டவர் எல்லாரும், பரீட்சையில் தவறியவர் எல்லாரும் இந்த முடிவுக்குப் போவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். சிலருக்குக் கோபமோ அவமானமோ பொங்கினால் அதைத் தணிக்கும் வழி தெரியாது. 'ஆம்பளைப் பிள்ளை அழலாமா?' என்று சிறுவயதிலேயே வாயை அடைத்திருப்போம். கொதிப்புத் தாங்காமல் சிலர் தம் உடம்பையே காயப்படுத்திக் கொள்கிறார்கள். அந்த நேரத்துக்குக் கொதிப்பு அடங்கியது போலிருக்கும். அதனாலேயே அது திரும்பத் திரும்ப வருகிறது. இவர்கள் எல்லாரும் சாக விரும்புவோர் அல்லர். ஆனால் பின்னாளில் உயிரை மாய்க்க முயலும் ஆபத்து இவர்களுக்கு அதிகம். 'நடிக்கிறான்' என்று தள்ளிவிடுவது பெருந்தவறு!

உணர்வை அடக்கியாளக் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் அதற்கென்றே ஒரு பயிற்சி முறையை வகுத்தார். பயிற்சி பெற்றவர்கள் தம்மைக் காயப்படுத்திக் கொள்வது குறைந்ததென 1991இல் வெளியான ஆய்வு காட்டியது.

நமக்கு இது புதிதா? கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும் என்று கற்றுத்தந்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் வடித்தவர்களும் அவர்கள்தாம். உயிரை மாய்ப்பது ஹராம், அதில் மாற்றமில்லை. ஆனால் தவித்து வரும் இளைஞனிடம் அந்த ஒற்றைச் சொல்லை வீசிவிட்டுக் கதவைச் சாத்தினால் அவன் எங்கே போவான்?

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைப்போரும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. சிகிச்சை தருவதை அரசின் கடமையாக்குகிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவே இல்லை.

வியாபாரிகளே! கொடிய பூச்சிமருந்துகளை இலங்கை தடைசெய்த பின் அங்கே தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. வீட்டிலும் கடையிலும் அவற்றைப் பூட்டி வையுங்கள். கடைப் பையன் நாலு நாளாய் முகம் கொடுத்துப் பேசவில்லையா? டீ வாங்கிக் கொடுத்து, 'சாகணும்னு தோணுதா தம்பி?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது, பாரம்தான் இறங்கும்.

இளைஞர்களே! எவ்வளவு உயர்ந்த கொந்தளிப்பும் இறங்கியே தீரும். அதுவரை தனியே இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

கடனுக்குத் தவணை கேட்க வெட்கப்படாத நாம், மனசுக்குத் தவணை கேட்க ஏன் வெட்கப்பட வேண்டும்? சிந்திப்பீர்!