வாடகை லென்ஸும் வெடி ஆபீஸ் அட்வான்சும்

'கலைக்குச் சாதி கிடையாது, கேமராவுக்கு எல்லாரும் ஒண்ணுதான்' என்று மேடை மேடையாகச் சொல்லித் திரிகிற நண்பர்களிடம் ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேமராவை வாங்க யார் எதை அடகு வைத்தார்கள்?

கேமரா நம்மைப் பார்த்த கதையே சாதிக் கதைதான். 1868 முதல் 1875 வரை வெள்ளைக்காரன் 'இந்திய மக்கள்' என்று 8 தொகுதி படப் புத்தகம் போட்டான். சாதி வாரியாக, குடி வாரியாக ஆட்களை நிறுத்தி வைத்துப் படம். பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தலையை அளந்தார், மூக்கை அளந்தார், படமும் பிடித்தார்; 1909இல் 7 தொகுதி வந்தது. நம் பூட்டன்மார் கேமராவுக்கு முன்னால் நிறுத்தப்பட்டார்கள். பின்னால் வந்து நில் என்று எவனும் கூப்பிடவில்லை.

சிவகாசி படத்தால் பிழைக்கிற ஊர். காலண்டரில் சாமி படம். பட்டாசு டப்பாவில் நடிகை படம், செக்கச்செவேலென்று சிரிக்கும் பிள்ளைகள் படம். டப்பாவுக்குள் இருக்கிற மருந்தை அடைத்தவளின் படம் எந்த டப்பாவிலும் கிடையாது. அவள் படம் வெளிவர வேண்டுமானால் ஷெட் வெடிக்க வேண்டும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. வெடித்த அன்றைக்கே வெளியூர்க் கேமராக்கள் வந்து இறங்கும். ஆஸ்பத்திரி வாசலில் மாரடித்து அழுகிற பொம்பளைகள் மறுநாள் முதல் பக்கத்தில். அப்புறம் அடுத்த வெடி வரைக்கும் அவர்களுக்கு முகம் கிடையாது.

வெளியாள் எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளை உலகத்துக்குக் காட்டியது. காட்ட வேண்டியதுதான். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்று சிவகாசி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அன்றைக்குக் கட்டை அடுக்கிய பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். அதில் ஒருவன் படம் பிடிக்கப் படிக்க வந்தால் என்ன நடக்கிறது?

சாத்தூர்ப் பக்கத்துக் காலனிப் பையன். பேர் வேண்டாம். விஸ்காம் இரண்டாம் வருஷம். என்னை அண்ணே என்பான். அம்மா வெடி ஆபீசில் சரம் பின்னுகிறார். அவனுக்கு வந்த ஸ்காலர்ஷிப் ஃபீசோடு சரி. கல்லூரி பீரோவில் நாலு கேமரா இருக்கிறது. லேப் நேரத்தில் ஆறு பேருக்கு ஒன்று, மணி அடித்தால் பூட்டு. 'சொந்தமா ஒண்ணு வாங்கிருப்பா' என்றார் வாத்தியார், பேனா வாங்கச் சொல்கிற மாதிரி.

அம்மா ஆபீசில் 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். அட்வான்ஸ் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கணக்குத் தீருகிற வரைக்கும் அந்த ஆபீசை விட்டு நகர முடியாது. பக்கத்து ஆபீசில் கூலி கூட என்றாலும் முடியாது. ஷெட்டுக்குள் கணக்குக்கு மேல் ஆள் அடைத்தாலும், வெயில் கொளுத்துகிற நாளில் மருந்து என்ன செய்யும் என்று தெரிந்திருந்தாலும் போயாக வேண்டும். பையன் தோளில் கிடக்கிற செகண்ட் ஹேண்ட் கேமராவின் விலை அதுதான்.

கேமரா பாடி மட்டும் இருந்து என்ன செய்ய? கூட வந்த லென்சை வைத்து மண்டபத்துக்குள் எடுத்தால் இருட்டு. நல்ல லென்ஸ் வாடகைக்கு எடுக்கிறான், நாளைக்கு 800 ரூபாய். கல்யாண ஆர்டரில் ரெண்டாவது ஆளாய்ப் போனால் 1,500. வாடகை, பஸ், பேட்டரி எல்லாம் போக நிற்பது அம்மாவின் ஒரு நாள் கூலி அளவு. லென்சில் ஒரு கீறல் விழுந்தால் அந்த மாசமே போச்சு. முகூர்த்த நாள் பார்ப்பதும் சிவகாசியில் அச்சான காலண்டரில்தான். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் முகூர்த்தம்; செமஸ்டர் பரீட்சையும் அப்போதுதான். விடிய விடிய மண்டபத்தில் நின்றுவிட்டு வகுப்பில் தூங்கினால் வருகைப் பதிவில் கை வைக்கிறார்கள். 'ஒனக்குப் படிப்புல கவனம் இல்ல.'

மண்டபக் கதையையும் கேளுங்கள். 'தம்பிக்கு எந்த ஊரு?' ஊரைச் சொன்னால், 'எந்தத் தெரு?' கூட்டிப் போன மூத்த போட்டோகிராபர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்: 'தெருவை மாத்திச் சொல்லிருடா, எனக்கு ஆர்டர் போயிரும்.' ராத்திரி உட்கார்ந்து ஆல்பத்தில் பொண்ணு மாப்பிள்ளைக்குக் கலர் ஏற்ற வேண்டும். கறுப்பைக் கழுவுகிற இந்த வேலை கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. கலர் பிலிம் காலத்திலேயே கோடாக் கம்பெனி ஒரு வெள்ளைக்காரியின் படத்தை லேபுகளுக்கு அனுப்பி, அவள் தோலை வைத்துத்தான் நிறத்தைச் சரிபார்க்கச் சொன்னது.

போன வருஷம் கல்லூரியில் 'உழைப்பு' என்று அசைன்மென்ட் கொடுத்தார்கள். வசதியான பிள்ளைகள் லட்ச ரூபாய் லென்சோடு வந்து, 'டேய், ஒங்க அம்மா வேல பாக்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போடா' என்கிறார்கள். ஆபீஸ் கேட்டுக்குள் செல்போனே விட மாட்டான். கேட்டுக்கு வெளியே நின்று எடுக்கலாம் என்றாலும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். 'படம் கிடம் எடுத்துத் தொலைச்சிராதய்யா. அட்வான்ஸ் கெடக்கு.' கேமரா வாங்கிக் கொடுத்த கடனே அந்தக் கேமராவை அந்தப் பக்கம் திருப்பாதே என்கிறது. அவன் கண்மாயில் மாடு குளிப்பாட்டுவதை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான். 'ஆழம் இல்லை' என்று மார்க் குறைத்தார்கள்.

திறமை இருந்தால் மேலே வரலாமாம். மதுரை பழனிக்குமாரைக் காட்டுவார்கள். மீன் விற்ற தாயின் மகன், 2013இல் கடன்பட்டு ஒரு நிக்கான் வாங்கி அம்மாவையே படம் எடுத்தவர். 2017இல் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 2022இல் தயாநிதா சிங்-பாரி விருது வாங்கினார். எனக்கும் பெருமைதான். ஆனால் நடுவில் 2019இல் பாரி அவருக்கு நல்கை கொடுத்ததை ஏன் சொல்லாமல் விடுகிறீர்கள்? அமெரிக்கக் கறுப்பர் கார்டன் பார்க்ஸ் 1942இல் அரசு அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கிய எல்லா வாட்சனைக் கொடிக்கு முன்னால் துடைப்பத்தோடு நிறுத்தி எடுத்தாரே, அப்போது அவர் ரோசன்வால்ட் உதவித்தொகையில் இருந்தார். யாரோ சோற்றுச் செலவை ஏற்றதால்தான் அந்தக் கண்ணுக்கு நேரம் கிடைத்தது. பழனிக்குமார் இப்போது உழைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் படம் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

'செல்போன் போதுமே' என்கிறவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்தைச் செல்போனில் எடுக்கட்டும், பார்ப்போம்.

கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. பீரோவைத் திறங்கள். லென்சோடு கேமராவை ராத்திரிக்கும் விடுமுறைக்கும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். நூலகத்தில் புத்தகம் கொடுப்பதில்லையா? மண்டபத்தில் எட்டு மணி நேரம் நின்று எடுத்ததைச் செய்முறை மார்க்கில் சேருங்கள். கேமரா இல்லாமல் நடக்காத படிப்புக்குக் கேமராவையும் சேர்த்து உதவித்தொகை கொடுங்கள். தொலைந்தால் யார் பொறுப்பு என்று உடனே கேட்பீர்கள். அதற்கு இன்ஷூரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. சிவகாசியில் லாரியில் ஏற்றுகிற சரக்குக்குப் போடுகிறார்களே, அதே இன்ஷூரன்ஸ்தான்.