மறைந்த நண்பர்களுக்காக மூன்று வாத்தியங்கள்

மேல்நாட்டு இசை விழாக்களில், பெரிய ஆர்கெஸ்ட்ராக்களின் முழக்கமின்றி நாலைந்து வித்வான்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்து வாசிக்கும் சேம்பர் இசைக்கென்றே நடைபெறுபவை பல உண்டு. ரஷ்ய எல்லைக்கருகே பின்லாந்தின் குஹ்மோ என்ற சிற்றூரில், செப்போ கிமானென் என்னும் செல்லோ வித்வான் 1970-இல் தொடங்கிய விழா அவற்றுள் கீர்த்தி பெற்ற ஒன்று. இத்தகைய விழாக்களில் ஒரு மாலைக் கச்சேரி முழுவதையும் ஒரே பொருளில் கோத்து அளிக்கும் சம்பிரதாயம் வளர்ந்து வருகிறது. வழக்கம் நல்லதுதான். ஆயினும் 'இயற்கை' என்றும் 'பயணம்' என்றும் எந்த உருப்படிக்கும் இடம் கொடுக்கும் தலைப்பை அச்சிட்டுவிட்டு, அதன் கீழ் கையில் உள்ளதையெல்லாம் அடுக்கிவிட்டால் ரசிகர்களுக்கு அதனால் என்ன லாபம்? கச்சேரியின் பொருள், அதில் வாசிக்கப்படும் சிருஷ்டிகளின் உள்ளிருந்தே எழ வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பியானோ, வயலின், செல்லோ ஆகிய மூன்றையும் மறைந்த நண்பரின் ஞாபகத்துக்கு அர்ப்பணிக்கும் ரஷ்ய மரபு இதற்குத் தக்க உதாரணம். இந்த மூன்று வாத்தியங்களின் சேர்க்கையைத் தம் செவி சகிக்காது என்று 1880-இல் தம்மை ஆதரித்த சீமாட்டி நதேஷ்தா வான் மெக்குக்கு எழுதிய சைக்காவ்ஸ்கி, மறு வருஷமே மாஸ்கோ கன்ஸர்வேட்டரியின் ஸ்தாபகர் நிக்கலாய் ரூபின்ஸ்டைன் காலமான செய்தி கேட்டு, தாம் மறுத்த அதே சேர்க்கையிலேயே தம் துயரத்தைக் கொட்டினார். ரூபின்ஸ்டைன், சைக்காவ்ஸ்கிக்கு உத்தியோகம் கொடுத்து ஆதரித்தவர். அவருடைய முதல் பியானோ கன்செர்ட்டோவைக் கடுமையாகக் கண்டித்துப் பின்னர் தாமே அதைப் பிரபலப்படுத்தியவர். அப்பேர்ப்பட்ட ஒருவரின் முதல் நினைவு நாளில் அவருடைய கன்ஸர்வேட்டரியிலேயே மூன்று வாத்தியங்களுக்கான அந்த உருப்படி, அதாவது டிரையோ, வாசிக்கப்பட்டது. செல்லோ முதலில் பாடும் சோக மெட்டு, முக்கால் மணி நேரத்துக்குப் பின் பிரேத ஊர்வலத்தின் நடையில் திரும்பி வந்து தேய்ந்து அடங்குகிறது.

அந்தச் சைக்காவ்ஸ்கி 1893-இல் மறைந்தபோது, இருபது வயது இளைஞரான ரஹ்மானினாவ் அன்றே எழுதத் தொடங்கியதும் ஒரு டிரையோவே. 'ஒரு மகா கலைஞரின் ஞாபகமாக' என்ற சமர்ப்பண வாசகத்தையும், இரண்டாம் பாகத்தை ஒரு மெட்டின் பல ரூபங்களாக விரித்துச் செல்லும் அமைப்பையும் அவர் தம் முன்னோடியிடமிருந்தே எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் அவருடைய ஆசிரியர் அரென்ஸ்கி, செல்லோ மேதை தவீதாவை நினைந்து இன்னொன்று இயற்றினார்.

ஐம்பது வருஷம் கழித்து, யுத்தத்தின் நடுவே, 1944-இல் நொவொசிபிர்ஸ்க் நகரில் இவான் ஸொல்லெர்தின்ஸ்கி என்ற பல்கலை அறிஞர் நாற்பத்தொரு வயதில் இறந்தார். அவருடைய ஆருயிர் நண்பரான ஷஸ்தகோவிச், ஏற்கெனவே ஆரம்பித்திருந்த டிரையோவை அவர் ஞாபகத்துக்கே ஆக்கினார். அதன் தொடக்கம் இன்றும் கேட்போரைத் திடுக்கிட வைக்கும்: மந்தரத்துக்குரிய செல்லோ, தந்தியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு மாத்திரம் எழுப்பும் மெல்லிய உச்ச நாதத்தில் தனியே தொடங்க, வயலின் அதற்குக் கீழே வந்து சேர, பியானோ எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்கிறது. மூன்றாம் பாகத்தில் பியானோ எட்டே எட்டு ஸ்வரக்கூட்டுகளை மாற்றமின்றித் திரும்பத் திரும்ப அடிக்க, மற்ற இரண்டும் மேலே புலம்புகின்றன. யூதர்களின் நாட்டிய மெட்டுகளைச் சார்ந்த இறுதிப் பாகத்தின் முடிவில், அதே எட்டும் மீண்டும் வருகின்றன.

நான்கையும் ஒரே மாலையில் வாசிப்பது இயலாது. இரண்டரை மணி நேரத்தை விழுங்கிவிடும். தனிக் கச்சேரிக்கு இல்லாத சௌகரியம் விழாவுக்கு உண்டு என்பது இங்கேதான் பயன்படுகிறது. ரஹ்மானினாவை மறுநாள் காலைக்கு வைத்துக்கொண்டு, முதல் மாலை சைக்காவ்ஸ்கி, இடைவேளை, அரென்ஸ்கி, ஷஸ்தகோவிச் என்ற வரிசையே எனக்கு உசிதமாகத் தோன்றுகிறது. கடைசியில் சைக்காவ்ஸ்கியை வைத்தால், நீண்டதும் பிரசித்தமானதும் முடிவில் வருவதால் கரகோஷம் பலமாக இருக்கும் என்று நிர்வாகிகள் எண்ணக்கூடும். ஆனால் ஒருவருடைய துயரத்தை அடுத்தவர் எவ்விதம் சுவீகரித்துக் கொண்டார், போர்க்காலத்தில் அது எப்படி உருமாறியது என்பதைக் காலவரிசையில் அல்லவா செவி உணர முடியும்?

விழா நடத்துகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு உருப்படிக்கும் எதிரே, யாருக்காக அது இயற்றப்பட்டதோ அவர் பெயரையும் மறைந்த ஆண்டையும் அச்சிடுங்கள்; ஷஸ்தகோவிச்சுக்குப் பின் உபரியாக எதையும் வாசிக்கச் சொல்லாதீர்கள். அத்தகைய விழாக்களுக்குப் போக வாய்ப்பில்லாத வாசகர்களுக்கும் இந்த நான்கின் ஒலிப்பதிவுகள் எளிதில் கிடைக்கின்றன; இரண்டு மாலைகளை ஒதுக்கி, எழுதப்பட்ட வரிசையிலேயே அவற்றைக் கேளுங்கள்.